குடும்பத்துக்கும் ஆகணும், ஓட்டவும் பிடிக்கணும்: முதல் கார் வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் வீடுகளில் கார் வாங்குவது என்றால் ஆளுக்கு ஒரு கோரிக்கை இருக்கும். அப்பாவுக்கு மைலேஜும், நாளைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பதும். அம்மாவுக்கு ஏறி இறங்கும்போது முட்டி வலிக்கக் கூடாது. டிக்கியில் இடம் வேண்டும், பின் சீட்டுக்கு ஏசி நன்றாக வர வேண்டும், பிள்ளைகளுக்கு சன்ரூஃப் வேண்டும். தினமும் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அவரும் வாய் திறப்பதில்லை. "எனக்கு ஓட்டப் பிடிக்கிற வண்டி வேண்டும்" என்று சொன்னால் சுயநலம் மாதிரி தெரியுமோ என்ற தயக்கம்.

தயங்கவே வேண்டாம். ஓட்டுகிறவருக்குச் சுகமாக இருக்கும் வண்டிதான் பெரும்பாலும் உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் சுகமாக இருக்கும். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கொண்டை ஊசி வளைவுகள். உயரமான, ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும் வண்டி ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சாயும், நிமிரும், மறுபடி அடுத்த பக்கம் சாயும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைத் திருப்பி, போதாமல் இன்னும் கொஞ்சம் திருப்பி, அப்புறம் பிரேக் தொட்டுச் சரிசெய்துகொண்டே இருப்பார். இந்த ஆட்டம்தான் பின்னால் இருக்கும் குழந்தையின் வயிற்றைப் புரட்டுகிறது. பாதி மலை ஏறுவதற்குள் கவர் தேட வேண்டியிருக்கும். அதே பாதையில் தரையோடு ஒட்டிப் போகும் வண்டியில் ஒரே முறை திருப்பினால் போதும், திருப்பிய அளவுக்கு அது போகும். ஓட்டுகிறவருக்கு அது ஆனந்தம், குழந்தைக்கு வயிறு கலங்காத பயணம். பைபாஸில் திடீரென்று ஒரு ஆடு குறுக்கே வந்தால் எல்லோரையும் காப்பாற்றுவதும் இதே குணம்தான்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஓட்டும் சுகம் என்று நான் சொல்வது 0-விலிருந்து 100-ஐ எத்தனை நொடியில் தொடுகிறது என்பதைப் பற்றியல்ல. ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்க வேண்டும். வளைவில் வண்டி அலையக் கூடாது. பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோமோ அந்த அளவுக்குப் பிடிக்க வேண்டும். தேவைப்படும்போது தயங்காமல் இழுக்க வேண்டும். சீட் முதுகைத் தாங்க வேண்டும். குடும்பத் தேவைகளை விட்டுக்கொடுக்காமல் இவற்றை எப்படிப் பெறுவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஷோரூமுக்கு முன்னால் ஒரு தாளும் ஒரு டேப்பும்

தினமும் வண்டியில் யார் யார் போவார்கள், எந்த ரோடு, எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். மாதத்துக்கு ஒருமுறை போகும் பயணத்தைத் தனியாக எழுதுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை போவதை அதற்கும் கீழே எழுதுங்கள். பலரும் தடுக்கி விழுவது கடைசி வரியில்தான். வருஷத்துக்கு இரண்டு முறை குலதெய்வம் கோயிலுக்கு ஏழு பேராகப் போவதற்காக 7 சீட்டர் வாங்குவார்கள். மற்ற நாளெல்லாம் அந்தப் பெரிய வண்டியை ஒற்றை ஆளாக ஓஎம்ஆர் நெரிசலில் உருட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு நாளுக்கு ஒரு இன்னோவாவை வாடகைக்கு எடுத்துவிடலாம். தாத்தா பாட்டியும் கூடவே இருந்து வாராவாரம் ஆறு பேர் வெளியே போகும் வீடாக இருந்தால் கதை வேறு. அங்கே மூன்றாவது வரிசை நிஜமாகவே தேவை.

அடுத்து டேப்பை எடுத்து பார்க்கிங்கை அளந்துவிடுங்கள். நீளம் மட்டும் போதாது. தூணுக்கும் தூணுக்கும் இடையே எவ்வளவு, பக்கத்து வண்டி நிற்கும்போது உங்கள் கதவு எவ்வளவு திறக்கும், சாய்தளத்தில் ஏறும் இடத்தில் மேடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 4 மீட்டருக்குள் அடங்கும் வண்டிக்கும் ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ் போன்ற 4.56 மீட்டர் செடானுக்கும் உள்ள வித்தியாசம் பழைய ஸ்டில்ட் பார்க்கிங்கில் தினமும் தெரியும். வீட்டுக்குள் நுழைப்பதே ரோதனையாக இருந்தால் எவ்வளவு நல்ல வண்டியும் நாளடைவில் சலித்துவிடும்.

2. விலை எங்கே எகிறுகிறது

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மின்சார வண்டிகளைத் தவிர்த்து மற்றவற்றுக்கு 40 சதவீதம். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். கூடவே பெட்ரோலில் 1200 சிசி, டீசலில் 1500 சிசி என்ற வரம்பும் உண்டு. சந்தையில் இத்தனை வண்டிகள் 3,995 மில்லிமீட்டர் நீளத்தில் வந்து நிற்பதற்கும், 1.0 டர்போ, 1.2 லிட்டர் இன்ஜின்கள் இவ்வளவு பெருகியதற்கும் காரணம் பல வருஷமாகவே இருந்துவரும் இந்த வரி வரம்புதான். போதாக்குறைக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். பட்ஜெட் 10 லட்சத்தை ஒட்டி இருந்தால், மேலே ஒரு வேரியன்ட் போவதற்கு நீங்கள் நினைத்ததைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும். எக்ஸ்ஷோரூம் விலையைப் பேசாமல் வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையையே எப்போதும் எழுதி வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே விலை கேட்டுவிட்டு வந்து பேசினாலே பாதி நேரம் ஷோரூமில் இறங்கி வருவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே பணத்துக்குச் சின்ன இன்ஜினோடு டாப் வேரியன்ட்டும், பெரிய இன்ஜினோடு நடு வேரியன்ட்டும் கிடைத்தால் இரண்டாவதை எடுங்கள். சன்ரூஃபும் விளக்கு அலங்காரமும் ஆறு மாதத்தில் பழகிவிடும். இன்ஜினோடு பத்து வருஷம் வாழ வேண்டும். பெரிய திரை, நல்ல ஸ்பீக்கர், கேமரா எல்லாவற்றையும் பிறகு வெளிக்கடையில் போட்டுக்கொள்ளலாம். இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் அப்படிப் போட முடியாது.

3. உயரம் எவ்வளவு வேண்டும்

உயரமான வண்டியில் எடை மேலே இருக்கும். எடை மேலே போகப் போக வளைவில் சாய்வது கூடும். அதைக் கட்டுப்படுத்த ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் குண்டு குழியில் தூக்கிப் போடும். இரண்டையும் சமாளிக்கும் எஸ்யூவிகள் இருக்கின்றன, ஆனால் செடானும் ஹேட்ச்பேக்கும் இந்த விஷயத்தில் பிறவியிலேயே முன்னால் நிற்கின்றன. ஓட்டும் சுகம்தான் முதல் ஆசை என்றால் செடானை ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்காமல் எஸ்யூவிக்குப் போகாதீர்கள். இப்போது யாரும் செடானைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வெர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டின் டிக்கியும் 521 லிட்டர், ஹூண்டாய் வெர்னா 528 லிட்டர், ஹோண்டா சிட்டி 506 லிட்டர். இதே விலையில் கிடைக்கும் பல எஸ்யூவிகளில் 400 லிட்டர்கூட இருக்காது. ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகூன் எஸ்யூவிகளில் 385 லிட்டர்தான்.

செடான் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் இரண்டு காரணங்கள் நியாயமானவை. ஒன்று, ஸ்பீட் பிரேக்கர். ஐந்து பேர் ஏறி, டிக்கியும் நிறைந்தால் வண்டி கீழே இறங்கும், அடி தட்டும். வெர்டஸின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 179 மில்லிமீட்டர், சிட்டிக்கு 165. இந்த 14 மில்லிமீட்டர் பெரிதாகத் தோன்றாது, ஊராட்சி ரோட்டு மேட்டில் தெரியும். இன்னொன்று, வயதானவர்கள். செடானில் கீழே விழுந்து உட்கார்ந்து, எழும்போது கையை ஊன்றி எழ வேண்டும். பெரிய எஸ்யூவியில் மேலே ஏற வேண்டும், அதுவும் கஷ்டம்தான். நின்றபடி அப்படியே பின்னால் சாய்ந்தால் சீட் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், அதுதான் சரியான உயரம். மாருதி ஃபிராங்க்ஸ், ஸ்கோடா கைலாக் போன்ற நடுத்தர உயர வண்டிகள் இந்த இடத்தில் நன்றாகப் பொருந்துகின்றன.

4. இழுவை

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பவர், அதாவது பிஎஸ். குடும்பத்தோடு போகும்போது நமக்கு அதிகம் உதவுவது டார்க், நம் பேச்சில் சொன்னால் இழுவை. அந்த இழுவை எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழலும்போது வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல், 82 பிஎஸ். எண்ணைப் பார்த்தால் குறைவு. வண்டியின் எடையும் 900 கிலோவை ஒட்டியே இருப்பதால் ஊருக்குள் துறுதுறுவென்று போகும். ஆனால் ஐந்து பேரும் ஏசியுமாக ஏற்காட்டுக்கு ஏறினால் இரண்டாவது கியரில் இன்ஜினை அலற விட்டுத்தான் ஏற வேண்டும். டர்போ பெட்ரோலில் கதை மாறும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனின் 1.0 டிஎஸ்ஐ 115 பிஎஸ்ஸும் 178 நியூட்டன் மீட்டரும் தருகிறது. டர்போ சுழலத் தொடங்கியதும் வண்டி தானாக ஓடுகிற மாதிரி இருக்கும். அதற்கு முன்னால், ஏறக்குறைய 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே, அதுவும் ஒரு சின்ன மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்து, இரண்டாவது கியரில் எழும்பாமல் திணறும் அந்த ஒரு நொடியில் புதிதாக ஓட்டுகிறவர் பதறிப்போவார். முதல் கியருக்குத் தயங்காமல் இறங்கப் பழகிவிட்டால் பிரச்சினை இல்லை.

வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் ஹைவேயில் ஓட்டினால் டீசல் இன்னும் பொருள் உள்ள தேர்வுதான். மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ டீசலில் 300 நியூட்டன் மீட்டர் இழுவை. முழு லோடில் மலை ஏறும்போது அது தரும் நிம்மதியே தனி. தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் புதிய டீசல் வாங்க வேண்டாம். புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி சூடாகித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். அது கிடைக்காமல் அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. சிஎன்ஜி செலவைக் குறைக்கும், இழுவையையும் குறைக்கும். இந்தக் கட்டுரையின் நோக்கத்துக்கு அதை ஒதுக்கிவிடலாம்.

மின்சார வண்டிகளை ஒதுக்க முடியாது. பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் எடை கீழே போய்விடுகிறது. கால் வைத்த நொடியிலேயே இழுவை முழுசாக வருகிறது. மஹிந்திரா பிஇ 6 பின் சக்கரங்களால் ஓடுகிற, பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டி. டிக்கி 455 லிட்டர். ஓட்டிப் பார்த்தால் விட மனசு வராது. மலை ஏறும்போது சார்ஜ் வேகமாகக் கரையும், இறங்கும்போது கொஞ்சம் திரும்ப ஏறும். வீட்டில் சார்ஜர் போட வசதி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி, அடுக்குமாடியில் சங்கத்தின் அனுமதியையும் முன்பே வாங்கிவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து சார்ஜ் ஏற்றுவது ரீஜென் பிரேக்கிங். அதைக் கடைசி அளவில் வைத்து ஓட்டினால் காலை எடுக்கும்போதெல்லாம் வண்டி வெடுக்கென்று இழுத்துப் பிடிக்கும். பின்னால் குழந்தை இருந்தால் குறைத்து வையுங்கள்.

5. கியர்பாக்ஸ்

மேனுவல் ஓட்டத் தெரிந்து, பிடித்திருந்தால் அதையே எடுங்கள். விலையும் குறைவு, வண்டியோடு நேரடியாகப் பேசுகிற உணர்வும் கிடைக்கும். வீட்டில் இன்னொருவரும் ஓட்டப் போகிறார், தினமும் நெரிசல் என்றால் ஆட்டோமேட்டிக் பக்கம் போவது நியாயம். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வகை விற்கிறார்கள்.

ஏஎம்டி விலை மலிவு. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் இயந்திரம் மாற்றும், அவ்வளவே. கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடும். ஊருக்குள் போதும், மலையில் மேனுவல் மோடில் வைத்து ஓட்டுங்கள். சிவிடி மிருதுவாகப் போகும், குடும்பத்துக்கு ரொம்பச் சுகம். அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும், ஓட்டும் ஆசை உள்ளவருக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கும். டார்க் கன்வெர்ட்டர் பழைய, நம்பகமான முறை. நெரிசலையும் மலையையும் ஒரே மாதிரி தாங்கும். 1.0 டிஎஸ்ஐ வண்டிகளில் வருவது இதுதான். டிசிடி, டிஎஸ்ஜி என்று வரும் இரட்டை கிளட்ச் வகைதான் நான்கிலும் வேகமானது, ஓட்டச் சந்தோஷமானது. ஆனால் பெரும்பாலும் உலர் கிளட்ச் என்பதால் கத்திப்பாரா மாதிரி இடத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் சூடாகும். முன்னால் இருக்கும் வண்டி கொஞ்சம் தள்ளிப் போகும்வரை நின்றுவிட்டு, பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக்கைப் பயன்படுத்துங்கள். தினசரி வாழ்க்கையே நெரிசல் என்றால் டார்க் கன்வெர்ட்டர்தான் என் தேர்வு.

6. பேரம் பேசக் கூடாத விஷயம்

2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் மோதல் சோதனை நடக்கிறது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு மொத்தம் 32 மதிப்பெண், குழந்தைகளின் பாதுகாப்புக்கு மொத்தம் 49 மதிப்பெண். நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாமல் குழந்தைகளுக்கான மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள். பின் சீட்டில் சைல்ட் சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா, நடுவில் உட்காருபவருக்கும் மூன்று முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஈஎஸ்சி கட்டாயம் இருக்க வேண்டும். மழையில் வளைவில் வண்டி வழுக்கத் தொடங்கும்போது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடித்து நேராக்குவது அதுதான்.

சின்னக் குழந்தை இருந்தால் காரோடு சேர்த்து சைல்ட் சீட்டுக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள். மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பே கிடையாது. அந்த சீட்டில் பழகிய குழந்தைகள் வளைவுகளில் ஆடாமல் இருப்பதால் வாந்தியும் குறைகிறது.

7. டெஸ்ட் டிரைவை ஒழுங்காகச் செய்வது

மேலே சொன்னதெல்லாம் பட்டியலை மூன்று வண்டிகளாகக் குறைக்கத்தான் உதவும். முடிவு எடுக்க வேண்டிய இடம் இது. ஷோரூம்காரர் வழக்கமாக நேரான, நல்ல ரோட்டில் ஒரு சுற்று அழைத்துப் போய்விட்டு "எப்படி சார், சூப்பரா இருக்குல்ல?" என்பார். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முன்கூட்டியே போன் செய்து அரை மணி நேரமாவது வேண்டும், பாதையை நாங்கள்தான் சொல்வோம், வீட்டிலிருந்து நாலு பேர் வருவோம் என்று சொல்லிவிடுங்கள். வேலை நாளில் காலையில் போனால் ஒத்துக்கொள்வார்கள். நீங்கள் வாங்கப் போகும் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ் உள்ள வண்டிதானா என்று கேளுங்கள். 1.5 டர்போவை ஓட்டக் கொடுத்துவிட்டு 1.0-ஐ விற்பது சகஜம்.

கிளம்பும் முன் டயர் காற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஷோரூமில் நிற்கும் வண்டியில் காற்று அதிகமாக இருந்தால் நல்ல சஸ்பென்ஷனும் கட்டை வண்டி மாதிரி குதிக்கும், நல்ல வண்டியைத் தவறாக ஒதுக்கிவிடுவீர்கள்.

முதலில் சீட். உங்கள் உயரத்துக்கு ஏற்றி இறக்கி, ஸ்டியரிங்கை இழுத்துத் தள்ளி, சரியான இடம் கிடைக்கிறதா பாருங்கள். ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டும் நகர்ந்து முன்னும் பின்னும் வராவிட்டால் கால் நீளமானவர்களுக்குக் கடைசிவரை தொந்தரவுதான். வண்டியின் முன் தூண் தடிமனாக இருந்தால் கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ்ஸையே மறைத்துவிடும், கழுத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பிறகு ரோடு. ஸ்பீட் பிரேக்கரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்குங்கள். இறங்கியதும் வண்டி ஒரு முறை அமுங்கி நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை தாலாட்டினால் மலையில் அது எல்லோருக்கும் தலைசுற்றல். உடைந்த ரோட்டில் 40-ல் போங்கள். சத்தம் வரலாம், ஸ்டியரிங் கையில் உதறக் கூடாது. ஃபிளைஓவரில் இறங்கும் வளைவு ஏதாவது இருந்தால் சட்ட வேகத்துக்குள் ஒரே சீராகச் சுற்றுங்கள். திருப்பிய பிறகு கையை அசைக்காமல் வைத்திருக்கும்போது வண்டியும் அதே கோட்டில் போகிறதா? இல்லை, நீங்கள் திருத்திக்கொண்டே இருக்கிறீர்களா? ஓட்டச் சுகமான வண்டியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. இரண்டு வண்டிகளை ஒரே நாளில் ஒரே வளைவில் ஓட்டிப் பார்த்தால் புதியவருக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

காலியான இடத்தில், கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, 50-லிருந்து கொஞ்சம் அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். மூக்கு எவ்வளவு தாழ்கிறது, நேராக நிற்கிறதா என்று கவனியுங்கள். ஏசியைப் போட்டுக்கொண்டு, நாலு பேரும் உள்ளே இருக்க, இரண்டாவது கியரில் 15 கிலோமீட்டரிலிருந்து மிதித்துப் பாருங்கள். மலையில் நடக்கப்போவதும் அதுதான். ஒரு யூ டர்ன், ஒரு ரிவர்ஸ் பார்க்கிங் போடுங்கள்.

இப்போது இறங்கி வேறு யாரிடமாவது வண்டியைக் கொடுத்துவிட்டு நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள். பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவது இதைத்தான். அதே ஸ்பீட் பிரேக்கர், அதே உடைந்த ரோடு. முன்னால் விறைப்பாக, நன்றாகத் தெரிந்த சஸ்பென்ஷன் பின் அச்சுக்கு மேலே உட்கார்ந்தால் முதுகெலும்பைத் தட்டலாம். தொடைக்குத் தாங்கல் இருக்கிறதா, ஜன்னல் விளிம்பு குழந்தையின் கண்ணுக்கு மேலே போய்விடுகிறதா என்று பாருங்கள். சாய்ந்து மேலேறும் ஜன்னல் கோடு வெளியே இருந்து பார்க்க அழகு, உள்ளே குழந்தைக்குச் சுவர். வெளியே பார்க்க முடியாத குழந்தைக்குத்தான் சீக்கிரம் குமட்டும். அம்மாவை இரண்டு மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பெரிய சூட்கேஸையும் குழந்தையின் தள்ளுவண்டியையும் கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பாருங்கள். லிட்டர் கணக்கு காகிதத்தில் சரியாக இருக்கும், டிக்கியின் வாய் குறுகலாக இருந்தால் சூட்கேஸ் நுழையாது.

8. எந்த வண்டிகளை முதலில் பார்க்கலாம்

சின்னக் குடும்பம், ஊருக்குள்ளேயே பெரும்பாலும் ஓட்டம் என்றால் ஸ்விஃப்ட். லேசான எடை, சட்டென்று திரும்பும் குணம், எந்த ஊரிலும் சர்வீஸ். டிக்கி 265 லிட்டர்தான், நாலு பேர் வெளியூர் போனால் இறுக்கும். கொஞ்சம் கூடுதல் இடமும் டர்போவும் வேண்டும் என்றால் ஃபிராங்க்ஸின் 1.0 பூஸ்டர்ஜெட், 100 பிஎஸ். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 பிஎஸ், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 311 லிட்டர் டிக்கி. ஐ20 குடும்பத்திலேயே ஓட்டுகிறவருக்காகச் செய்தது அது. சஸ்பென்ஷன் கொஞ்சம் விறைப்பு, பின் சீட்டில் பெரியவர்களை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

4 மீட்டருக்குள் எல்லாமே வேண்டும் என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஸ்கோடா கைலாக்கை. 1.0 டிஎஸ்ஐ, 446 லிட்டர் டிக்கி, பாரத் என்கேப்பில் 5 நட்சத்திரம். வேகத்தில் தரையைக் கவ்விப் பிடிக்கும் குணம் பெரிய குஷாக்கிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. பின் சீட்டில் மூன்று பெரியவர்களுக்கு இடம் நெருக்கம். அந்த இடத்தில் 3எக்ஸ்ஓ தாராளம், இன்ஜினும் வலு.

10 லட்சத்துக்கு மேல் போக முடிந்தால், இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறவை வெர்டஸும் ஸ்லாவியாவும். 1.5 டிஎஸ்ஐயில் 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். 1.0-உம் போதும், குறையாக உணர மாட்டீர்கள். இரண்டும் குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம் பெற்றவை. பின் சீட் இடமும் ஏறி இறங்கும் வசதியும் முதன்மை என்றால் வெர்னா டர்போ, 160 பிஎஸ். ஹோண்டா சிட்டிக்கு டர்போ இல்லை, ஆனால் 1.5 லிட்டர் இன்ஜின் சுழலச் சுழல இனிமை. மேனுவலில் எடுத்து ஓட்டினால் அந்த அருமை தெரியும்.

ஏழு பேர் கட்டாயம் என்றால் கியா கேரன்ஸின் 1.5 டர்போ. உயரமான வேனாக இல்லாமல் நீளமான கார் மாதிரி ஓடும். ஆனால் மூன்றாவது வரிசையை விரித்தால் டிக்கி 216 லிட்டர்தான். பணம் இருந்தால் மஹிந்திரா எக்ஸ்யூவி 7எக்ஸ்ஓ, முன்பு எக்ஸ்யூவி700 என்ற பெயரில் வந்தது. பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன் இருப்பதால் அந்த அளவு வண்டிக்கு ஆச்சரியமான நிதானம்.

9. செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் பொக்கிஷங்கள்

குறைந்த பணத்தில் நிஜமான ஓட்டும் சுகம் கிடைப்பது இங்கேதான். ஃபோர்டு ஃபிகோ, மறைமலை நகரில் தயாரான எக்கோஸ்போர்ட் வண்டிகளின் ஸ்டியரிங்குக்கு ஈடு இன்றும் அந்த விலையில் இல்லை. ஃபிகோவின் 1.5 டீசல் 100 பிஎஸ், சின்ன உடம்பில் அவ்வளவு இழுவை. 2021-இல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, அதனால் வாங்கும் முன் உங்கள் ஊரில் அதைப் பார்க்கும் மெக்கானிக் யார், பம்பர், கண்ணாடி போன்ற உடல் பாகங்கள் எவ்வளவு நாளில் வரும் என்று விசாரியுங்கள். 2022-இல் நின்றுபோன ஃபோக்ஸ்வாகன் போலோவின் ஜிடி டிஎஸ்ஐயும் அப்படித்தான், ஓட்டியவர்கள் மறக்க மாட்டார்கள். பின் சீட் சின்னது, டிஎஸ்ஜியில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் பழுதானால் பெரிய செலவு. முழு சர்வீஸ் பதிவு இல்லாத வண்டியைத் தொடாதீர்கள்.

வண்டியைக் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். டயர்கள் வெவ்வேறு வருஷமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆர்சியை அரசின் பரிவாஹன் தளத்தில் சரிபாருங்கள். கடன் இருந்திருந்தால் வங்கியின் ஃபார்ம் 35, கைமாற்ற ஃபார்ம் 29, 30 வேண்டும். டெல்லியிலிருந்து மலிவாக வரும் வண்டிகளுக்கு அங்கிருந்து வாங்க வேண்டிய என்ஓசியும் (தடையில்லாச் சான்று) இங்கே ஆயுள் வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கையேட்டில் பாருங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

புது வண்டி என்றால் பதிவுக்கு முன் பிடிஐ செய்யுங்கள், அதாவது பகல் வெளிச்சத்தில் வண்டியை முழுசாகச் சோதிப்பது. தயாரிப்பு மாதம், ஓடோமீட்டர், நான்கு டயர் தேதி, பெயின்ட், எல்லாக் கதவும் சுவிட்சும். நம்பர் விழுந்த பிறகு குறை சொன்னால் கேட்க ஆள் இருக்காது.

ஓட்டும் சுகத்தைக் குறைந்த செலவில் கூட்டுவது டயர்தான். கம்பெனி டயர் தேய்ந்ததும் அதே அளவில், ஈர ரோட்டில் நல்ல பிடிமானம் உள்ள டயராகப் போடுங்கள். அளவை மாற்றி அகலமாகப் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் குறையும், இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது வேண்டவே வேண்டாம்.

முதல் மலைப் பயணத்துக்கு கொல்லிமலையின் 70 வளைவுகளில் தொடங்காதீர்கள். ஏலகிரி போதும், 14 வளைவுகள்தான். ஏறிய அதே கியரில் இறங்குங்கள், பிரேக் சூடாகாது. ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வளைவு முடியும்போது மெல்ல மிதித்து வெளியே வாருங்கள். வண்டி எவ்வளவு அழகாகத் திரும்புகிறது என்று அப்போது தெரியும், பின்னால் தூங்குகிறவரும் விழிக்க மாட்டார். நிஜமாகவே வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பொதுமக்களுக்கு நாள் ஒதுக்கும்போது தனியாகப் போங்கள், குடும்பம் இருக்கும் வண்டியை ரோட்டில் சோதிக்காதீர்கள்.

கிளம்பும் நாள் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றடியுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இரண்டு பேர் போவதற்கு ஒரு அளவும், ஐந்து பேரும் சாமானும் ஏற்றினால் வேறொரு அளவும் போட்டிருப்பார்கள். குடும்பத்தோடு போகும்போது அடிக்க வேண்டியது இரண்டாவது அளவு.